சுவரில் மாட்டிய வீடியோ

இன்று காலை ஆவடி ஸ்டேஷனில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார்.

"இன்னா சார், அடையாளம் தெரியலையா? கிரேன் ஓட்டுனாரே எங்க ஊட்டுக்காரரு, அவரை வீடியோ எடுத்தீங்களே."

நினைவு வந்தது. அவர் ஓய்வுபெற்ற அன்று குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த பேட்டி. சிரிக்கச் சிரிக்கப் பேசினார். போன வருடம் இறந்துவிட்டாராம். அந்தப் பேட்டியை வெளியிட்ட எங்கள் செய்தித் தளத்தையும் மூடிவிட்டார்கள்.

"அவரு குரல் அது ஒண்ணுலதான் சார் கீது. இப்ப லிங்க்கைத் தொட்டா ஒண்ணும் வரலை. சொந்தக்காரங்களைக் கேட்டா, அல்லாருகிட்டயும் அந்த லிங்க்குதான் கீது. உங்ககிட்ட இருக்குமே?"

என்னிடமும் லிங்க்தான் இருந்தது. சொன்னேன்.

அந்த அம்மா தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அந்த வீடியோவின் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கணவரின் நெஞ்சின் நடுவே பிளே பட்டன் முக்கோணம்.

"ஸ்டூடியோக்காரரு அழிச்சுத் தரேன்னாரு. நான்தான் வாணாம்னுட்டேன். இருந்துட்டுப் போட்டும் சார்."

அன்று அந்தப் பேட்டியை இங்கே என் பக்கத்திலிருந்து பகிர்ந்தவர்கள் பலர். யாராவது வீடியோவையே இறக்கி வைத்திருக்கிறீர்களா? "அருமை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.