பலகைக்குப் பின்னாலிருந்து வந்த கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குக் கதை கட்ட வராது. நாயின் உடம்பைப் பார்த்து அதன் மனதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. வால் ஆடினாலே சந்தோஷம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விறைத்த வாலும் ஆடும். அடுத்த நொடி பல் பதியும்.

அமெரிக்காவில், டுலூத் நகருக்கு வடக்கே ஒரு நாய்க் காப்பகத்தில் நடந்தது இது. போன ஜனவரி. சாயங்காலம் நாலரைக்கே கும்மிருட்டு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக ஓடிஸைச் சோதிக்க வேண்டும். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தவன். தேறினால் அவனுக்குப் புது வீடு. தவறினால் உயிரை எடுக்கும் ஊசி. மருத்துவர் பக்கத்து அறையில் காத்திருந்தார்.

முன்மேசையில் இருக்கும் வெர்னா அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே கெஞ்சினாள்.

"மார்லிஸ், இவனை எப்படியாவது தேத்தி விட்டுடு. கூட்டிட்டுப் போக நாளைக்கு ஆள் வருது."

"நான் எங்கடி தேத்துறது? அவன்ல தேறணும்."

சோதனை இதுதான். நாய் தின்னும்போது, ஆளுயரப் பலகைக்குப் பின்னாலிருந்து என் உதவியாளன் டுவேன் ஒரு கம்பை நீட்டுவான். நுனியில் ரப்பர் கை. அதற்கு ஒரு பழைய சட்டையின் கைப்பகுதியை மாட்டியிருப்போம். அது கிண்ணத்தைத் தொடும்போது நாய் என்ன செய்கிறது என்று நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். நடுவில் மூச்சு விடக் கூடாது. பேசினால் நாயின் கவனம் கலைந்துவிடும். டுவேன் பின்கதவு வழியாக வந்து பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். தயார் என்று அர்த்தம்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலடி.

டக்... டக்.

ஓடிஸை உள்ளே விட்டேன். கிண்ணத்தில் வாய் வைத்தான்.

கை வந்தது.

ஓடிஸ் தின்பதை நிறுத்தினான். உதட்டை நக்கினான். கொட்டாவி விட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'எனக்குச் சண்டை வேண்டாம்' என்று நாய் இப்படித்தான் கெஞ்சும். தங்கமான பையன், தேறிவிடுவான் என்று நினைத்தேன்.

கை நிற்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து... மெல்ல... பலகைக்குப் பின்னால் இழுத்தது.

ஓடிஸ் உறைந்தான். கண்ணின் வெள்ளை தெரிந்தது. உறுமினான்.

ஆனால் அவன் கையைப் பார்க்கவில்லை.

பலகைக்கு மேலே பார்த்தான். கூரையோரம். அங்கே ஒன்றுமில்லை. ஒரு கணம் உறுத்தியது...

அதற்குள் பாய்ந்துவிட்டான். சட்டைத் துணி கிழிந்தது.

"போதும் டுவேன்," என்றேன்.

பதில் இல்லை. அவனுக்கு ஓடிஸ் என்றால் உயிர். கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

ஊசி ஏறும்போது ஓடிஸின் தலை என் மடியில் இருந்தது. என் மணிக்கட்டை ஒரு தரம் நக்கினான். பிறகு என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான். கடைசி வரைக்கும் அங்கேயேதான் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் முன்கதவு திறந்தது. தலை முதல் கால் வரை பனியோடு டுவேன்.

"கோவிச்சுக்காத மார்லிஸ். வண்டி பள்ளத்துல இறங்கிடுச்சு. போன்லயும் சிக்னல் இல்ல. எங்க நம்ம பய? ஆரம்பிக்கலாமா?"

வெர்னா என்னைப் பார்த்தாள்.

அவன் பையிலிருந்து கம்பை எடுத்தான். "சட்டை நைஞ்சு போச்சேன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன். வேற மாட்டிருக்கேன், பாரு."

ரப்பர் கை. ஐந்து விரலும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. அது தள்ளும். எதையும் பிடிக்காது.

பின்கதவுக்கு ஓடினேன்.

உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வந்தது எதுவோ, அது வெளியே போகவில்லை.

அன்றிலிருந்து என் வீட்டு நாய் கஸ் என் அருகில் படுப்பதில்லை. நான் கதவைத் திறந்ததும் உதட்டை நக்குகிறான். கொட்டாவி விடுகிறான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

என்னைப் பார்த்து அல்ல. என் தோளுக்கு மேலே பார்த்து.

அவன் உறுமுவதே இல்லை. கெஞ்ச மட்டும்தான் செய்கிறான். எதிர்த்து நின்றவன் ஒருவன்தான்.

அவனுக்கு ஊசி போடச் சொன்னது நான்.