ஏஜென்ட் இறங்கிய கார்

"நம்பி வாங்கலாம்மா" என்று ஷோரூம்காரத் தம்பி கதவைத் திறந்தான். புதுச் சீட்டின் வாசனையில் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

திண்டிவனத்தில் அவர் வாங்கிய மூன்று கார்களும் ஒரே கம்பெனி. வெள்ளிதோறும் அதன் பெயர்த்தகட்டுக்குக் குங்குமம் வைப்பார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சீமையிலிருந்து உதிரிப்பாகம் வராமல் கார் நின்றது. "கப்பல்ல வந்துக்கினு இருக்குதுங்க" என்ற, அந்தக் கம்பெனியின் விழுப்புரத்து ஏஜென்டை நம்பினார். அடுத்தவீட்டுக்காரர் கூப்பிட்டாலும் வேறு கம்பெனிக் காரில் ஏறமாட்டார், மாட்டுவண்டிதான்.

ஒருநாள் மயிலம் கோயில் மலையடிவாரத்தில் அதே ஏஜென்ட் வேறு கம்பெனிக் காரிலிருந்து இறங்கினார்.

"இன்னாங்க இது?" என்றார் அப்பா.

"அது விக்கறதுக்குங்க. இது நான் ஏறிக்கினு போறதுக்கு" என்று சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா குங்குமச் சிமிழைத் தொடவே இல்லை.

ஷோரூம்காரத் தம்பி இன்னும் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"நீ எந்த வண்டியில வூட்டுக்குப் போற?" என்று கேட்டேன்.