கிறிகோரியின் கீழ்ப்பல்செட்

நாங்கள் இருக்கும் இத்தாலிய நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் யாரோ ஒரு கிழவர் காந்தம் வைத்த பல்செட் போட்டாராம். சூப்புக் கரண்டி வாயிலேயே ஒட்டிக்கொண்டதாம். எங்கள் கோயிலுக்கு வரும் கிளறா வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, அவளுக்குச் சொல்லி, அவள் கோயிலில் எமிலியானாவுக்குச் சொல்லி, எமிலியானா தன் கணவர் கிறிகோரிக்குச் சொன்னார். கிறிகோரி சிரிக்கவில்லை. அடுத்த நாள் பல் டொக்டரிடம் போகவேண்டியவர் அவர்தான்.

மன்னார்க்காரரான கிறிகோரி நகரத்துப் பொலிதேயாமாப் பக்கம் அலுவலகப் படிகளைக் கழுவுகிறவர். பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் பாடுகிறவரும் அவரே. போன வருடம் மாதாவின் புலம்பலில் "மகனே" என்று வாயைத் திறந்த இடத்தில் கீழ்ப்பல்செட் கிளம்பிவிட்டது. உதட்டால் மடக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டதென்று சனம் நினைத்தது. அப்படியொரு அழுகை எங்கள் கோயிலில் அதற்கு முன் எழுந்ததில்லை. முன்வரிசையில் இருந்த அன்ரனி மட்டும் அழவில்லை. அவர் பல்லைக் கண்டுவிட்டார்.

இம்முறை தவக்காலத்துக்கு முன்பே அன்ரனி வந்து நின்றார். "அண்ணை, இந்தமுறை நான் பாடட்டோ? நீங்கள் இருந்து கேளுங்கோவன்." பல் சரிவந்தால் தான்தான் பாடுவதென்று கிறிகோரி சொல்லி அனுப்பினார்.

கீழ்த்தாடையில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு வேட்டைப்பல். மற்றப் பக்கத்து எலும்பில் டொக்டர் முன்பே ஒரு திருகாணி வைத்து, அது இறுகிப் பிடித்திருந்தது. இனி அந்த இரண்டிலும் பல்செட்டை எப்படிக் கொழுவுவது? மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். எனக்கு அவரைவிடப் பயம். ஒரு சொல் பிசகினால் அவருடைய தாடையல்லவா.

டொக்டர் மாதிரிகளை எடுத்து வைத்தார். இரண்டையும் இணைக்கும் கம்பியை அவரே தள்ளி வைத்தார்: பல் எலும்புக்குள் கொஞ்சம் அசையுமாம், திருகாணி அசையாதாம், ஒரே கம்பியில் பூட்டினால் ஒத்துப்போகாதாம். அடுத்தது காந்தம். கரண்டிக் கதையைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவ்வளவு பலம் இருந்தால் நல்லதுதானே என்று சிரித்தார். காந்தம் பல்லை வருத்தாது, ஆனால் வாயை அகலத் திறந்து பாடுகிறவருக்குப் பிடி காணாது. மூன்றாவது, சட்டைப் பிறஸ் பட்டன் மாதிரி: கீழே குமிழ், பல்செட்டுக்குள் அதைக் கவ்வும் மூடி.

வேட்டைப்பல்லைப் பிடுங்கி அங்கேயும் திருகாணி வைத்தால் வேலை சுலபம் என்றும் டொக்டர் சொன்னார். நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்னே கிறிகோரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, அவருக்குச் சொல்லும். என்னோட வந்ததில பெர்மெஸ்ஸோ, விசா ஒண்டும் இல்லாமல் இஞ்சை இருக்கிறது இது ஒண்டுதான். இதைக் கலைச்சு அனுப்ப விடமாட்டன்."

பல் தப்பியது. வேருக்கு வைத்தியம் செய்து, பல்லைக் கட்டையாக்கி, மேலே குமிழ் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் இழுவை குறைந்த, மென்மையான மூடி.

பரிசுத்த வாரம் பிறந்த திங்கட்கிழமை, மூடிகளைப் பல்செட்டுக்குள் ஒட்டும் வேலை. பசை இறுகும்வரை வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் எல்லாம் கோணல். கிறிகோரி பல்லைக் கடித்தபடி சிலையாக இருந்தார். அவருடைய போன் என் கையில் இருந்தது. அன்று பின்னேரம் ஒத்திகை. யார் பாடுவதென்று மத்தியானத்துக்குள் சொல்லவேண்டும்.

போன் அடித்தது. அன்ரனி.

"அண்ணை, என்ன சொல்ல?" போனை எடுக்காமல் கிறிகோரியிடம் கேட்டேன்.

பல்செட் கவ்விப் பிடிக்குமா பிடிக்காதா என்று அவருக்கே இன்னும் தெரியாது. கண்ணை உருட்டினார். பிறகு, வாய் திறவாமல், புலம்பலின் முதலடியை மூக்கால் முனகினார். ராகம் சுத்தமாக இருந்தது. டொக்டர் பதறி அவர் தாடையை அமத்திப் பிடித்தார். கிறிகோரி என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்: பொறு.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.