இஜாஸ் இறக்கிய மெயின்

ஷைஸ்தா என் சின்னம்மா மகன் ஜெயினுலாப்தீனின் இளைய மகள். வடாலாவில் கட்டிக்கொடுத்தோம். தாராவியில் வாப்பா விட்டுப்போன ஜரிகைப் பூவேலைப் பட்டறையை, அந்தக் கார்கானாவை, அவள் 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் இஜாஸ் நடத்துகிறான். அங்கே முதலில் பூ டிசைனைத் தாளில் ஊசியால் குத்தி, துணிமேல் வைத்துப் பொடி தேய்ப்பார்கள்; துளை வழியே டிசைன் துணியில் இறங்கும். டிசைன் வரைவதற்கென்றே ஜெயினுலாப்தீன் அந்தக் காலத்தில் துபாயிலிருந்து, டிவியில் மாட்டும் கம்ப்யூட்டர் ஒன்று கொண்டுவந்தான். பெரிய பூங்கொடி என்றால் அது வரைந்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஜெயினுலாப்தீன் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, தூசியில் கிடந்த அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை ஷைஸ்தாதான் எடுத்துத் துடைத்தாள். அதன் அடியில் தீப்பெட்டி அளவு புது போர்டு ஒன்றைச் செருகினாள். கணக்கெல்லாம் புதுசு போடும், கீபோர்டையும் படத்தையும் பழசு பார்த்துக்கொள்ளும் என்றாள்.

"மவுத்தானதுக்கு ஊசி போடுதியாக்கும்?" என்று இஜாஸ் சிரித்தான்.

"போட்டாச்சு காக்கா. எந்திச்சு உக்காந்திருக்கு, வந்து பாரு."

நிஜம்தான். முன்பு பொழுது சாயும்வரை இழுத்த கொடி இப்போது திரையில் கண்ணெதிரே ஓடியது.

அவளுக்கு வேண்டியது அவள் கல்யாண உடுப்புக்கு வாப்பா வரைந்த கொடி. உடுப்பு மழை வெள்ளத்தில் போயிற்று. அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குக் கேசட் நாடாவில்தான் பதிவு; கொடி ஒரே ஒரு பழைய கேசட்டில்தான் இருந்தது. எத்தனையோ தரம் போட்டும் கம்ப்யூட்டரில் ஏறாத கேசட், ஒரு வெள்ளிக்கிழமை ஏறிவிட்டது. புது மெமரி கார்டில் பதிந்து வைப்பதுதான் பாக்கி.

ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது கார்கானா வழக்கம். இஸ்திரிப் பெட்டி காய்ந்துகொண்டு கிடக்கக் கூடாதே. கீழே இஜாஸ் சுவிட்சில் கை வைத்தான்.

"காக்கா, இறக்காத! ஒரு மினிட் நில்லு!" ஷைஸ்தா மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த எனக்குக் காது அடைத்தது.

"அரே, தொழுகைக்குப் பாங்கு சொல்லியாச்சு. வந்து திரும்பப் போட்டுக்க."

இறக்கிவிட்டான். கரண்ட் போனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு எதுவும் நினைவிருக்காது. கரண்ட் வந்ததும் கேசட்டைத் திரும்பப் போட்டபோது அது கரகரத்தது, நாடா சுருண்டு அறுந்தது.

"அழாத, புது கம்ப்யூட்டரே வாங்கித் தாரேன்" என்றான் தொழுது திரும்பிய இஜாஸ்.

"யாரு அழுதா? வாப்பா கொடியத் தா. முடியுமா?"

"நான் தொழத்தானே போனேன்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தொழுகைய இழுக்காதலே! அவ கத்துனது காதுல விழுந்துச்சா, இல்லியா?"



அன்றே அவள் பெட்டியைத் துப்பட்டாவில் சுற்றி வடாலாவுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது தாராவியில் மற்ற கார்கானாக்காரர்கள் அவளிடம்தான் டிசைன் வாங்குகிறார்கள். இஜாஸின் கார்கானா மாஸ்டர் சிராஜும் டிசைன் கேட்டு அவளிடம் போனான்.

"நீ கத்துனது கேட்டுச்சு, தெரிஞ்சுதான் மெயின இறக்குனேன்னு உங்க முதலாளிய என் முகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் வரைஞ்சு தாரேன்" என்று அனுப்பிவிட்டாள்.

அவன் இன்னும் சொல்லவில்லை. நானும் அவன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.