மணக்க மணக்க மூத்திரத்துணி

சலவைக்கூடத்தில் அவனுக்குப் பெயர் பளிச்சு. பதினாலு வருஷமாக ஓட்டல் துணி துவைப்பவன். காபியோ கண்மையோ, அவன் கையைத் தாண்டி ஒரு கறை வெளியே போனதில்லை. அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளையின் மூத்திரத்துணியை மனைவி தலையில் கட்டாமல் அவனேதான் துவைத்தான். அவள் பஸ் டிரைவர். பிரசவ லீவு முடியப்போகிற நேரம்.

எட்டு மாசக் குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே செக்கச் செவேலென்று தடிப்பு. பூஞ்சை என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். தடவினால் அடங்கும், நாலு நாளில், போன விருந்தாளி குடையை மறந்துவிட்டதாகத் திரும்பி வருவதுபோல வந்து நிற்கும். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும். குழந்தையை விடப்போகிற காப்பகத்து அம்மாவோ, "ஆறினப்புறம் தூக்கிட்டு வாங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கிளினிக் நர்ஸ் கேட்டாள்: "துணியை எப்படித் துவைக்கிறீங்க?"

பளிச்சு நெஞ்சை நிமிர்த்தினான். "வெதுவெதுப்பான தண்ணி. கடைசி அலசல்ல வாசனைத் திரவம். ஓட்டல் டவல் மாதிரியே மெத்து மெத்துன்னு இருக்கும், மோந்து பாருங்க!"

"அதை நீங்களே மோந்துக்குங்க. திரவத்தைத் தூக்கிப் போடுங்க. துணியைக் கொதிக்க வெச்சு, கூடுதலா ரெண்டு தடவை அலசி, வெயில்ல நல்லா காய வைங்க. களிம்பையும் நிறுத்தாதீங்க."

வழியெல்லாம் அவன் பொருமிக்கொண்டே வந்தான். "எனக்கே துவைக்கச் சொல்லித் தர்றா! கொதிக்க வெச்சா கறை அப்படியே இறுகிடும். துணி நாசமாயிடும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, அவன் துவைத்த துணி ஒன்றை மேசையில் விரித்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. முத்து முத்தாக உருண்டோடி அவன் பேண்டை நனைத்தது.

"பார்த்தியா உன் வாசனையோட லட்சணத்தை? துணி ஒரு சொட்டு குடிக்கல. அத்தனை ஈரமும் பாப்பா மேலதான் நின்னிருக்கு."

அவன் முகம் செத்துப்போயிற்று. குழந்தையை அழவைத்ததில் தன் கைக்கும் பங்குண்டு. நேராகப் போய்ப் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினான்.

"ஐயய்யோ, அது சமைக்கிற பானை!"

"இனிமே இல்ல."

அதன்பிறகு தினமும் கொதி, அலசல், வெயில். துணிகள் அட்டை மாதிரி விறைத்தன. அவன் பயந்தபடியே ஒவ்வொன்றிலும் தேயிலை நிறத்தில் கறை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தடிப்பு மட்டும் வெளிறி, உதிர்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் காணாமல் போனது.

திங்கட்கிழமை காப்பகத்து அம்மா குழந்தையைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கினாள்.

"என்னப்பா இது, ஒரே கறை! யார் துவைச்சது?"

யூனிஃபார்மில் நின்ற மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். பளிச்சுக்குக் காது சிவந்தது. குழந்தை அந்த அம்மாவின் மடியில் காலை உதறிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா துவைச்சேன்" என்றான். "கறை இருந்துட்டுப் போகட்டும்."