ஆறுமுகப்பெருமாளின் தழும்பு

ஆறுமுகப்பெருமாளின் வலது நெற்றிக்கு மேலே முடி முளைக்காத ஒரு தழும்பு உண்டு. நாலு விரற்கடை நீளம் இருக்கும். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு ஊரில் மரியாதை வாங்கித் தந்தது பென்ஷனும் இல்லை, குளத்தடியில் கிடக்கும் வயலும் இல்லை. இந்தத் தழும்புதான்.

முப்பது வருஷம் முன்னால், மணவாளக்குறிச்சிக்குத் தெற்கே மாதாத்துறை என்ற கடற்கரை ஊருக்குக் கரண்டை நிறுத்தப் போனபோது அங்குள்ளவர்கள் வெட்டினார்கள் என்று சொல்வார். முதலில் நாலு பேர் வெட்டினார்கள். அவர் ஓய்வு பெறும்போது அது நாற்பது பேர் ஆகியிருந்தது. அவருடைய ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கேட்டதை நாலு மடங்காக்கிப் பரப்பினார்கள். கல்யாண வேன்கூட மாதாத்துறை வழியாகப் போகாமல் சுற்றிப் போகும்.

அந்த ஊருக்கே அவருடைய ஒரே மகள் ஹரிதா வாழப் போனாள். நாகர்கோவிலில் கூட வேலை பார்த்த ஜெஃப்ரினைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஆறுமுகப்பெருமாள் அவள் பேரை வீட்டில் எடுக்கவிடவில்லை. மனைவி அழகியநாயகியிடம் இருந்த போனையும் பிடுங்கிக்கொண்டார்.

அழகியநாயகி கிட்னி கெட்டுப் படுக்கையில் விழுந்து ஆறு மாசம் கிடந்தாள். கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"ஒருக்கா பிள்ளைய காட்டுங்க. தூர நின்னு பாத்துட்டு வந்திருவேன்."

அவர் தழும்பை விரலால் தொட்டுக் காட்டுவார். அவளும் வாயை மூடிக்கொள்வாள். அப்படி மூடிய வாயோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தத்துக்குத் துட்டியை, அதாவது சாவுச் செய்தியை, ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அவமானம், சொல்லாமல் விட்டால் பாவம். மாதாத்துறைக்குப் போக ஊரில் ஒரு ஆளும் துணியவில்லை. "வெளியூர் ஆள் ஒருத்தனை அனுப்பினேன், விரட்டிட்டானுவ" என்று ஆறுமுகப்பெருமாள் சொன்னதை யாரும் சந்தேகப்படவும் இல்லை. மகள் இல்லாமலே கொள்ளி வைத்தாயிற்று.

பதினான்காம் நாள் அழகியநாயகியின் தம்பி நாகேந்திரன் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"அத்தான், பெத்த பிள்ளைக்குத் துட்டி சொல்லாம பதினாறு கழிக்கப்பிடாது. அப்பிடிக் கழிச்சா நான் பந்தியில உக்கார மாட்டேன்."

"அப்ப நீ போயேன்."

"எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு அத்தான்."

ஆறுமுகப்பெருமாள் நன்றாக மாட்டிக்கொண்டார். பயமில்லாத ஊர் என்று சொல்லவும் வழியில்லை, போகாமல் இருக்கவும் வழியில்லை. போகிறேன் என்றார். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லி ஊரே வழியனுப்பியது. ஒரு கிழவர் கண்ணீர்கூட விட்டார்.

பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். மாதாத்துறையில் இறங்கியவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வலை உலர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையோடு எதிரே வந்த நேசம்மாள்தான் நின்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்தக் கரண்டு சார் அல்லியா? குடிச்சிட்டு போஸ்ட்ல ஏறி விழுந்தவரு. எங்க வீட்டுக்காரரு மரியஜான்தான் உங்களைத் தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. தலை இப்ப சுகம்தானா?"

விஷயம் அதுதான். வேலை நேரத்தில் குடித்தது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் தூக்கிச் சுமந்தவர்களையே வெட்டினவர்கள் ஆக்கிவிட்டார். முதலில் ஆபீஸுக்குச் சொன்னார், அப்புறம் வீட்டுக்கு, அப்புறம் ஊருக்கு. இந்த மனிதனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேசம்மாளே ஹரிதா வீட்டைக் காட்டினாள், கூடவே உள்ளேயும் வந்தாள். ஹரிதா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவைக் கண்டதும் அழுதாள், சிரித்தாள், நாற்காலியைத் துடைத்தாள்.

"அம்மா வரல்லியாப்பா? பயந்திருப்பா. நீங்களாவது வந்தியளே."

"இங்க என்ன பயம் மோளே?" என்றாள் நேசம்மாள். போஸ்ட்டில் இருந்து விழுந்த கதையை முதலிலிருந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். ஹரிதா சிரிக்கவில்லை. அந்தத் தழும்பின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

ஆறுமுகப்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அம்மா தவறிட்டா மக்கா. இன்னைக்குப் பதினாலு."

ஹரிதா நாற்காலி துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குப்பா அன்னைக்கே சொல்லல்ல?"

"ஆளு அனுப்பினேன். இங்க உள்ளவனுவ..." என்று வாய் தானாகவே பழைய தடத்தில் போனது. நேசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"போஸ்ட்ல இருந்து விழுந்தது அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்னையும் இங்க வெட்டிருவாவன்னு ஒம்பது வருசமா நினைச்சுக்கிட்டே கிடந்து செத்திருக்கா."

அம்மாவுக்காக ஹரிதா வெகுநேரம் கழித்துத்தான் அழுதாள், அதுவும் நேசம்மாளின் மடியில். அவர் எழுந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேசம்மாளின் கையைப் பிடித்தபடி சொன்னாள். "பதினாறுக்கு நான் வாறேன். இவங்களும் வருவாங்க. என்ன நடந்ததுன்னு மாமாட்டயும் ஊர்லயும் நேர்லயே சொல்லணும்லா."

பஸ் ஏற்றிவிட ஜெஃப்ரின் வந்தான். மாமனாருக்கு ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தான்.

ஊர் முக்கில் நாகேந்திரனும் ஏழெட்டுப் பேரும் காத்து நின்றார்கள். இறங்கியதும் கையையும் காலையும் தடவிப் பார்த்தார்கள்.

"அத்தான், ஒண்ணும் செய்யல்லியே?"

ஒரு நிமிஷம் அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். எல்லாருக்கும் அவர் மேல் அப்படி ஒரு மதிப்பு.

"வளைச்சிட்டானுவ," என்றார். "ஒரு நாப்பது பேரு இருக்கும். பேசித் தப்பிச்சு வந்தேன்."

"ஹரிதா வருவாளா?"

கை தானாகத் தழும்புக்குப் போனது. "வருவா," என்றார். பதினாறுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.