உபயத்தன்று மைக்கில் நான் சொன்னது

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் மெயின் ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறதே ஹாட்வெயார் கடை, அது நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கும் மாடி வீடும் நான் கட்டியது. அம்மன் கோயில் அன்னதான மடத்துக்குத் தூண், தகரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நான் போட்டுக் கொடுத்தவை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கண்டி பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிக் கூவி விற்றவன் இவ்வளவும் செய்தான் என்றால் நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் ஆணி வாங்க என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

என் ஒரே மகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தவனும் நான்தான். சீமெந்து வாங்க வந்தவனுக்கும் அதைச் சொல்லித்தான் மூட்டையைக் கொடுப்பேன். அவள் கண்டியில் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கப்பலில் போகும் சாமான்களுக்கு உரிய பத்திரங்களைத் தயாரிக்கும் பிரிவு. அதையும் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

நாட்டில் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை எல்லாம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில், கண்டிக் கந்தோரின் வேலையைக் கொழும்போடு சேர்க்கிறோம் என்று அந்தக் கம்பனிக்காரர்கள் முடிவெடுத்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, இனி வேலை இல்லை என்று சொன்னார்களாம். என் மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு பூச்சாடி, கக்கத்தில் கதிரையில் போட்டு உட்காரும் மெத்தை.

"தேத்தண்ணி குடுத்து, ரொம்ப நன்றின்னு சொல்லி அனுப்பிட்டாங்கப்பா" என்றாள்.

"இதை வெளியில விட்டுறாதீங்க. திருவிழா முடியட்டும்" என்றாள் என் மனைவி. எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இருந்தும் மூடினேன்.

மகள் கம்ப்யூட்டரில் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். சிலர் பதிலே போடவில்லை. சிலர் புதிதாகச் சேருபவளைப் போல முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். போகப் போக அவள் கண்டி டவுனுக்குப் போவதையே விட்டாள். பழைய கந்தோர்க்காரர்கள் கண்ணில் படுவார்களாம். வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக் கதவு சாத்திக்கொள்ளும்.

"கடைக்கு வா, கணக்கைப் பாரு" என்றேன்.

"என்னைப் படிக்க வச்சது ஆணி நிறுக்கவா?"

"ஆணி நிறுத்துத்தாம்மா உன்னைப் படிக்க வச்சேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு நாள் அவள் பாஸ்போட்டை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள். வளைகுடா நாட்டில் ஒரு கடையில் காசு வாங்கிப் போடும் வேலை. திருவிழா முடிந்ததும் போகிறாள். என் கடைக் கல்லாவில் உட்காரக் கூடாது என்றுதானே படிக்க வைத்தேன்? கடல் தாண்டிப் போய் இன்னொருவன் கல்லாவில் நிற்கவா?

எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்பத்து உபயம். பூஜை, அன்னதானம் எல்லாம் எங்கள் செலவு. உபயகாரர் யார், அவர் பிள்ளைகள் என்ன உத்தியோகம் என்று கோயில் செயலாளர் மைக்கில் வாசிப்பார். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர், நல்ல குரல். ரோட்டோரக் கம்பங்களிலும் ஒலிபெருக்கி கட்டியிருப்பதால் டவுன் முழுக்கக் கேட்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்த அறிவிப்புக்காகவே நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

அன்று மடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மகள் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தாள். செயலாளர் போன வருஷம் வாசித்ததையே வாசித்தார். "அன்னாரின் புதல்வி, கண்டி மாநகரில் பிரபல கம்பனியின் உயர் உத்தியோகத்தர்..."

மகள் வாளியோடு அப்படியே நின்றாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "கொடுத்து வச்ச புள்ள" என்றார். மகளின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு அவளை விமானம் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

நேரே போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"இப்ப ஐயா வாசிச்சது பழசு. என் மகளுக்கு வேலை போயிருச்சு. அவ மேல குத்தம் இல்ல, கம்பனி ஆளைக் கொறைச்சுருச்சு. கப்பல்ல சாமான் அனுப்புற பத்திரம் எல்லாம் அவளுக்குத் தலைகீழாத் தெரியும். மூணு பாஷையிலயும் எழுதுவா, பேசுவா. இப்படி ஒரு ஆள் இந்தக் கண்டியில இன்னொண்ணு கிடையாது. தேவைப்பட்டவங்க குண்டசாலை ஹாட்வெயார் கடைக்கு வாங்க. முந்துறவங்களுக்குத்தான்!"

கடைசி வார்த்தை வாளி விற்ற காலத்துப் பழக்கத்தில் வந்துவிட்டது. பந்தியில் சிரித்தார்கள். செயலாளர், "என்னா முதலாளி இது, கோயிலா சந்தையா?" என்று மைக்கைத் திரும்ப வாங்கினார். மகள் சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் பெரிய சண்டை.

"நான் என்னா பழைய சாமானா, கூவி விக்கிறதுக்கு?"

"பழைய சாமானுக்கு நான் கூவ மாட்டேன். நல்ல சாமான் உள்ள கெடந்து தூசி பிடிச்சா அது கடைக்காரன் பிழை. வாசலுக்குக் கொண்டாந்து வச்சேன்."

"ஊர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அதான் போகப் போறியே" என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கடைக்கு அலவத்துகொட ஹாஜியார் வந்தார். கராம்பு, சாதிக்காய், மிளகு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி. அவருடைய ஸ்டோருக்குக் கூரைத்தகரம் என் கடைச் சாமான்தான்.

"மொதலாளி, நேத்து மைக்ல கத்தினது நீங்கதானே?"

"கத்தல ஹாஜியார், அறிவிச்சேன்."

"தேர் வருதுன்டு ரோட்ட மறிச்சிட்டாங்க. லொறிக்குள்ள ஒக்காந்து முழுசாக் கேட்டேன். ஒங்கட மகளுக்கு அந்த வேல உண்மையிலயே தெரியுமா, இல்லாட்டி வாப்பாமார் செல்ற கதையா?"

"கூப்பிடுறேன், நீங்களே கேளுங்க."

மகள் கையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஹாஜியார் அனுப்பிய கராம்பு, பத்திரத்தில் பிழை என்று போய்ச் சேர்ந்த துறைமுகத்திலேயே முடங்கிக் கிடந்ததாம். எந்தத் துறைமுகம், எந்தப் பத்திரம் என்று அவள் கேட்டாள். கேட்கக் கேட்க அவர் அங்கிருந்த தகர ரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே அவள் அலவத்துகொடைக்குப் போனாள். பிழையைத் திருத்தி அனுப்பினாள், கராம்பு வெளியே வந்தது. ஹாஜியார் அவளை விடவில்லை. ஏஜென்சிக்காரனிடம் இருந்த பாஸ்போட்டை நானே போய் வாங்கி வந்தேன். பழைய கம்பனியில் ஒரு பத்திரத்தில் ஒரு மூலைதான் அவள் வேலை. இங்கே கராம்பு ஸ்டோருக்கு வருவதிலிருந்து கப்பலேறும் வரை எல்லாவற்றுக்கும் அவள் பொறுப்பு. சம்பளமும் முன்னதைவிடக் கூட. அவளோடு வேலை போன சிநேகிதி ஒருத்தியையும் அங்கே சேர்த்துக்கொண்டாள். இப்போது கண்டி டவுனில் தலைநிமிர்ந்து நடக்கிறாள்.

இதிலே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. எப்படி வேலை கிடைத்தது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் மகள், "தெரிஞ்ச ஒருத்தர் மூலமா" என்கிறாள். பிறகு, "இன்டர்வியூ மாதிரி ரொம்பக் கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னேன்" என்கிறாள். மனைவியோ, "அம்மன்தான் தேரைக் கொண்டாந்து லொறிக்கு முன்னால நிறுத்தினா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் மறுக்கவில்லை. லொறியை நிறுத்தியது அம்மன். கேள்விக்குப் பதில் சொன்னது மகள். ஆனால் அந்த லொறிக்குள் இருந்த மனிதர் காதில் விஷயத்தைப் போட்டது யார்?

இந்த வருஷ உபயத்துக்கு வாசிக்க மகளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். 'தன் திறமையால் உயர்ந்து, ஏற்றுமதி நிறுவனமொன்றில் முகாமையாளராகப் பணியாற்றும்' என்று இருக்கிறது. நல்லது, திறமை உண்மைதான். அதற்குக் கீழே 'தகப்பனார் இதே ஒலிபெருக்கியில் செய்த அறிவிப்பினால் இவ்வேலை கிடைத்தது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். செயலாளர் ஐயா அதையும் அந்த நல்ல குரலில், அவசரப்படாமல், ரோட்டோரக் கம்பங்கள் எல்லாவற்றிலும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். இல்லையென்றால் நானே மைக்கை வாங்கிச் சொல்லிக்கொள்வேன். எப்படி வாங்குவேன் என்று அவருக்குத் தெரியும்.